அணைத்த தீ மத்தியானம் எழுந்துகொண்டது

எங்கள் தெரு சென்னை நன்மங்கலம் காப்புக்காட்டுக்குப் பின்பக்கம். போன பங்குனியில் ஒரு சாயங்காலம் காட்டோரப் புல் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி பீய்ச்சியது, ஆட்கள் பச்சைத் தழையால் அடித்தார்கள், எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிட்டது. மறுநாள் காலை நாங்கள் நாலு பேர் குடத்தோடு போனது சும்மா ஒரு திருப்திக்குத்தான்.

அங்கே வயதான வாட்சர் ஒருவர் இருந்தார். குந்தி உட்கார்ந்து, எரிந்த சீமைக் கருவேல அடிக்கட்டைக்குச் சாண் உயரத்தில் புறங்கையைக் காட்டிக்கொண்டிருந்தார். "உள்ளங்கை வேணாம் தம்பி, சுட்டுக்கிட்டா அப்புறம் மண்வெட்டிய யார் புடிக்கிறது?" புகை துளியும் இல்லை. கடப்பாரையால் நெம்பினதும் வேர் போன வழியெல்லாம் செக்கச்செவேலென்று கங்கு. கரிமூட்டம் போடுகிற மரமாச்சே! நான் ஊற்றிய தண்ணீர் மேல்சாம்பலை நனைத்துவிட்டுச் சரிவில் ஓடியிருந்தது. நாலு விரல் ஆழத்தில் மண் காய்ந்தே கிடந்தது. அப்புறம் அவர் சொன்னபடி கிளறி, கொஞ்சம் ஊற்றி, மறுபடி கிளறி, கை வைத்துப் பார்த்தோம். களி கிண்டுகிற மாதிரிதான். ஒரு கட்டைக்கே இரண்டு குடம் ஆனது.

வெள்ளைச் சாம்பல் வட்டமாகக் கிடந்த இடத்தில் கால் வைக்கப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்தார். கட்டை வேரோடு எரிந்து குழியாகி, மேலே சாம்பல் மட்டும் மூடியிருக்கிறது. நான் போயிருந்ததோ ரப்பர் செருப்பில். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். "கடல்காத்து உள்ள வரட்டும், பாத்துட்டுப் போங்க" என்றார். ஒரு மணிவாக்கில் காற்று திரும்பியது. முடிந்தது என்று நாங்கள் விட்ட பக்கத்திலேயே மூன்று இடத்தில் நூல் மாதிரி புகை. ஓரிடத்தில் சருகு பிடித்தே விட்டது.

இதைப் படித்துவிட்டுப் பெருங்குடியிலிருந்து ஒருவர்:
எங்களுக்கு இது பழக்கம். 2022 ஏப்ரல் கடைசியில் குப்பைமேடு எரிந்தபோது ஜுவாலை போன பிறகும் நாள்கணக்கில் புகை. மொட்டைமாடியில் துணி காயப்போட முடியவில்லை. மக்குகிற குப்பையில் மீத்தேன் வேறு. மேலே பீய்ச்சினால் மட்டும் போதாது, பொக்லைனால் புரட்டிப் புரட்டித்தான் நனைக்க வேண்டும். காடானாலும் குப்பையானாலும் நெருப்பு அடியில்தான் குடியிருக்கிறது.

தாம்பரத்திலிருந்து இன்னொருவர்:
குடத்தில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து பாருங்கள், தண்ணீர் உருண்டு ஓடாமல் ஊறும். ஏரி, குளம் பக்கம் மட்டும் வேண்டாம். எங்கள் மனையில் ஒரு பனங்கட்டை மூன்றாம் நாளும் சுட்டது. நாரெல்லாம் திரி மாதிரி. கோடாலியால் பிளந்துதான் ஊற்றினோம். இன்னொன்று, இருட்டினதும் ஒரு நடை போய் டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். பகலில் கண்ணுக்குப் படாத கங்கு அப்போது தெரியும்.