மறு: பாட்டினாவுக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

தக்கலை டீச்சர்:

சொல் தேடும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளித் தொன்மை மன்றத்துக்காக ஒரு துண்டறிக்கை தயாராகிறது. தலைப்பு: "பழைய உலோகப் பொருள் கிடைத்தால்". உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளைகள் காசு, ஆணி, ஈயக் குண்டு என்று எதையாவது கொண்டுவந்து காட்டுவார்கள். இப்போது மெட்டல் டிடெக்டரும் வளைகுடாவிலிருந்து மாமன்மார் பெட்டியில் வந்து இறங்குகிறது. கிடைத்ததைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் கொண்டுவருகிறார்கள். எழுத்தும் ஆண்டும் புளித்தண்ணீரோடு போய்விடுகிறது.

பழைய உலோகத்தின் மேல் நாள்பட்டுப் படியும் படிவை ஆங்கிலத்தில் பாட்டினா என்பார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். அறிக்கையில் முக்கியமான வரி இதுதான்: "பழைய காசின் மேலுள்ள ______ தேய்த்து எடுக்காதீர்கள்." கோடிட்ட இடத்தில் 'களிம்பைத்' என்று போட்டு ஏழாம் வகுப்பில் வாசிக்கக் கொடுத்தேன். "காசுக்கு எதுக்கு டீச்சர் ஆயின்மென்ட்?" என்று ஒரு பெண் கேட்டாள். பாட்டினா என்றே போடலாம் என்றால் தலைமையாசிரியர் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

சுசீந்திரம் புலவர்:

அம்மா, களிம்பு கூடாது. ஆயின்மென்ட் என்பதற்காக அல்ல. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலத்துக்கு நெல்லின் உமியும் செம்பின் களிம்பும்தானே உவமை? திருமூலர் நந்தியைக் 'களிம்பறுத்தான்' என்று பாடினார். அறுக்க வேண்டியது என்ற கருத்து அந்தச் சொல்லோடு ஊறிக் கிடக்கிறது. "களிம்பை எடுக்காதே" என்று எழுதினால் மலத்தைப் போற்றிக் காப்பாற்று என்று ஆகாதா?

என் பரிந்துரை: முதுமேனி. மேல் என்னும் அடியில் பிறந்தது மேனி. உடம்பு, நிறம், மேற்புறம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். காலத்தால் முதிர்ந்த மேற்புறம், முதுமேனி. பண்புத்தொகை, சிக்கல் இல்லை.

இன்னொன்று. இலத்தீனில் பாட்டினா என்றால் அகன்ற தட்டம். நம் பழந்தமிழில் நீர் முகக்கும் கலத்துக்குப் பத்தல் என்று பெயர். பத்தல், பாத்தி, பாட்டினா. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

குளச்சல் தம்பி:

புலவர் ஐயா, இலத்தீன் தட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும். எங்க வீட்டில் உருளியையும் குத்துவிளக்கையும் பரணிலிருந்து இறக்கினால் அம்மா முதலில் சொல்வது "கிளாவு பிடிச்சிருக்கு" என்பதுதான். விளவங்கோடு, கல்குளம் பக்கம் யாரிடம் சொன்னாலும் புரியும். டீச்சரின் பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகள். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு மேனி, சாமி என்று எதற்குப் போகிறோம்? முதுமேனி என்றால் வயசானவர்களுக்கான சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

சுசீந்திரம் புலவர்:

கிளாவு மலையாளம்.

குளச்சல் தம்பி:

களிம்பும் கிளாவும் ஒரே வேர் என்று நீங்களே போன வருடம் இங்கே எழுதியிருக்கிறீர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லை மாறியது. அதற்கு முன்பே வீட்டுக்குள் இருந்த சொல்லை அன்றைக்கு எந்தப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்?

மார்த்தாண்டம் வேதியியல்:

சண்டைக்கு நடுவில் ஒரு தகவல். நீங்கள் ஒரு சொல் தேடுகிறீர்கள், தேவை இரண்டு.

செம்பு மண்ணில் கிடந்தால் முதலில் செம்பழுப்பாக ஆக்சைடு படிகிறது. நாளாக நாளாக அதன்மேல் பச்சைக் கார்பனேட் ஏறுகிறது. இது இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுவே காவல். காசின் எழுத்து விளிம்புகள் பல சமயம் இந்தப் படிவில்தான் நிற்கின்றன, உலோகத்தில் அல்ல. புளியின் டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து கரைகிறது.

ஆனால் நம்முடையது கடலோர மாவட்டம். உப்பின் குளோரைடு உலோகத்துக்குள் புகுந்துவிட்டால் கதை வேறு. ஈரமும் காற்றும் பட்டதும் உள்ளே அமிலம் உண்டாகும், அது செம்பைத் தின்னும், தின்றதிலிருந்து மறுபடியும் அமிலம். வெளியே வெளிர்பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகத் தெரியும், தொட்டால் உதிரும். வெண்கல நோய் என்பது இதுதான். முதலாவதைத் தொடக்கூடாது. இரண்டாவதைப் பார்த்தால் உடனே ஈரமில்லாத டப்பாவில் போட்டு அருங்காட்சியகத்தில் காட்ட வேண்டும். களிம்பு, கிளாவு இரண்டுமே இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

முதலாவதற்குக் காப்புப்படலம், இரண்டாவதற்கு அரிபச்சை என்று வைக்கலாமா?

தக்கலை டீச்சர்:

இது நல்ல பிரிப்பு சார். ஆனால் அறிக்கையின் பட்டியலில் 'செம்புக் காப்பு' என்று ஒரு பொருளும் வருகிறது, கையில் போடுவது. "காப்பின் காப்புப்படலம்" என்று எழுத வேண்டியிருக்கும்.

சுசீந்திரம் புலவர்:

அரிபச்சை வினைத்தொகை. பாராட்டுகிறேன். வல்லினம் மிகாது. அச்சகத்தில் 'அரிப்பச்சை' என்று கோத்துவிட்டால் சொறி சிரங்குக்கு மருந்தாகிவிடும், கவனம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்:

நாங்கள் கறள் என்போம். "கறள் பிடிச்ச கத்தி." இரும்புக்குத்தான் அதிகம். ஆனாலும் உங்கள் பட்டியலில் ஒரு மூலையில் கிடக்கட்டும்.

குளச்சல் தம்பி:

பச்சை என்று முடிவதே ஒரு பிரச்சினை. ஈயக் குண்டு வெள்ளை பூத்துத்தான் கிடக்கும். வெள்ளிச் சக்கரக் காசு கறுத்திருக்கும். திருவிதாங்கூர்ச் சக்கரம் விரல் நகத்தை விடச் சின்னது, கறுத்துவிட்டால் கல்லுப்பொடி என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். 28 சக்கரம் ஒரு ரூபாய், 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கையும் டீச்சர் அறிக்கையில் போடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அப்புறம் டிடெக்டர் விஷயம். மணவாளக்குறிச்சிக் கரையில் அதைப் போட்டுப் பாருங்கள். இரும்பு கலந்த இல்மனைட் தாது நிறைந்த கருமணல், காசே இல்லாமல் கருவி கத்திக்கொண்டே இருக்கும். முதலில் அந்த மண்ணின் சத்தத்தைக் கருவிக்குப் பழக்கிக் கழிக்க வேண்டும். அதற்கு ஒரு சொல் உண்டா? எந்த உலோகம் என்று காட்டக் கருவியின் திரையில் வரும் எண்ணை நம்பி "வெள்ளி, வெள்ளி" என்று குதிக்கவும் கூடாது. இரும்புக்குக் குறைவாகவும் வெள்ளிக்கு அதிகமாகவும் எண் வரும் என்பது பொதுக்கணக்குதான். சோடா டின்னின் அலுமினிய வளையம் நடுவில் வந்து ஆசை காட்டும்.

மார்த்தாண்டம் வேதியியல்:

மண்ணின் சத்தத்தைக் கழிப்பதற்கு: மண்சமன்.

சுசீந்திரம் புலவர்:

மண்சமன் நன்று.

மட்டுறுத்துநர்:

ஒரே வரியில் ஒரு சொல் நிறைவேறியது இந்தக் குழுவில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒரு நினைவூட்டல்: அறிக்கையில் கருவியைப் பற்றி எழுதும்போது சட்டத்தையும் எழுதிவிடுங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டக்கூடாது. மண்ணுக்குள் மறைந்திருந்தது கிடைத்து, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அன்றைக்கு வைத்த அதே வரம்பு, இன்னும் மாறவில்லை.

தக்கலை டீச்சர்:

எழுதிவிட்டேன் ஐயா. கிடைத்த இடம், ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று குறித்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன். இடம் தெரியாத காசு பாதிக் காசுதான். ஒரு பையன் கொண்டுவந்த செப்புக் காசில் மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடந்தன. "வ.உ.சி. காசு டீச்சர், கப்பல் கம்பெனிக்காக அடிச்சிருப்பாரு" என்றான். ஒல்லாந்து (டச்சு) கிழக்கிந்தியக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரை அது! கீழே ஆண்டு இருந்திருக்க வேண்டிய இடம் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்டது. திருவிதாங்கூர் ஒல்லாந்தரை வென்ற 1741 குளச்சல் போருக்கு முந்தியதா பிந்தியதா என்று இனி எப்படிச் சொல்வது?

குளச்சல் தம்பி:

அது டாய்ட் என்ற டச்சுச் செப்புக் காசு. 1726 முதல் அடித்தார்கள். நம் 'துட்டு' அதிலிருந்து வந்ததுதான்.

சுசீந்திரம் புலவர்:

துட்டு டச்சுச் சொல் என்பது அகராதிக்காரர்கள் வசதிக்குச் சொன்னது. துண்டு, துணுக்கு, துட்டு. துள் என்னும் அடி சிறுமையைக் குறிக்கும். சிறு காசு துட்டு. ஒல்லாந்தர் நம்மிடம் மிளகு வாங்கினார்களே, சொல் வாங்கியிருக்கக் கூடாதா?

மார்த்தாண்டம் வேதியியல்:

ஐயா, அவர்கள் அந்தச் சொல்லை ஒல்லாந்திலேயே வைத்திருந்தார்கள், கப்பல் ஏறுவதற்கு முன்பே.

சுசீந்திரம் புலவர்:

கப்பல் என்பதும் தமிழ்தான். தனி மடலில் எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்:

வியாழக்கிழமை ஆகிவிட்டது. துட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள். பாட்டினாவுக்கு இதுவரை வந்தவை: முதுமேனி, கிளாவு, காப்புப்படலம். எந்த உலோகத்துக்கும், எந்த நிறத்துக்கும் பொருந்தும்படி 'காலப்படலம்' என்று நான் ஒன்றைச் சேர்க்கிறேன்.

மார்த்தாண்டம் வேதியியல்:

+1. காப்பை விட்டுத் தருகிறேன். அரிபச்சை செம்புக்கும் வெண்கலத்துக்கும் மட்டும்தான் வரும், அது இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்:

+1, கறளுக்கு ஒரு பெருமூச்சோடு.

குளச்சல் தம்பி:

காலப்படலம் புரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் கிளாவு இருக்க வேண்டும். இல்லையென்றால் அறிக்கையை வீட்டில் வாசிக்கும் அம்மாவுக்கு எதைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது. காசைத் தேய்ப்பது பிள்ளையைவிட அம்மாதான்.

சுசீந்திரம் புலவர்:

காலப்படலம் என்றதும் கம்பனில் நான் தவறவிட்ட ஒரு படலமோ என்று திகைத்தேன். அதோடு, கண்ணில் படலம் விழுந்தால் மருத்துவரிடம் போய் எடுக்கிறோம். களிம்பு எடுக்க வேண்டியது என்பதால் வேண்டாம் என்றோம். படலமும் எடுக்க வேண்டியதுதானே? மேனி என்றால் எவரும் உரிக்க நினைக்க மாட்டார்கள். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

தக்கலை டீச்சர்:

அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். வரி இப்படிப் போயிருக்கிறது: "பழைய காசின் மேலுள்ள காலப்படலத்தை (வீட்டில் களிம்பு, கிளாவு என்று சொல்வதை) புளி, சாம்பல், எலுமிச்சை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது அரிபச்சை. உலர்ந்த டப்பாவில் போட்டு ஆசிரியரிடம் கொடுங்கள்." புலவர் ஐயா மன்னிக்க வேண்டும், படலம் பற்றிய உங்கள் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நேரமும் இல்லை.

சுசீந்திரம் புலவர்:

மன்னிக்க ஒன்றுமில்லை அம்மா. ஆனால் 'சொல்வதை' என்பதற்குப் பின் 'ப்' வர வேண்டும். அடைப்புக்குறி இடையில் வந்தால் ஒற்று மிகுமா மிகாதா என்பது வேறு கேள்வி. அதற்குப் புது இழை தொடங்கியிருக்கிறேன்.