121 கொரோலா சேர்விஸ்: ஒயில் மூடிக்கு அடியில் வெள்ளைக் களி, ஹெட் கழற்றச் சொல்கிறார்கள். அவசரம்

கடலோரம்:
வணக்கம். ஒயில் மாற்றிப் பிளக் பார்க்கத்தான் காலையில் காரைக் கராஜில் விட்டேன். இப்போது கராஜ் பாஸ் (மெக்கானிக்) கோல் எடுத்து, ஒயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் முழுக்க வெள்ளைக் களி பிடித்திருக்கிறது, மூன்றாவது பிளக் குழிக்குள் ஒயில் நிற்கிறது என்கிறார். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளொக்குக்கும் இடையிலான அடைப்பு, ஹெட் காஸ்கெட், போய்விட்டதாம், ஹெட்டைக் கழற்ற வேண்டுமாம். பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கார் நன்றாகத்தான் ஓடியது. கழற்ற விடலாமா?

பழைய சாவி:
121 மொடல் என்பது தலைப்பில் இருக்கிறது, சரி. எந்த ஆண்டு, எவ்வளவு ஓடியது? ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? வெள்ளைப் புகை வருகிறதா? தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல ஏலாது.

மட்டக்குளி மச்சான்:
ஹெட் காஸ்கெட்தான் அண்ணா, சந்தேகமே வேண்டாம். மாமாவின் லான்சரில் இப்படித்தான் தொடங்கியது. பார்க்கலாம் பார்க்கலாம் என்று ஓட்டி, ஹெட் வளைந்து, கடைசியில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வேறு என்ஜின் எடுத்துப் போட்டார். இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

தெஹிவளை அக்கா:
கொஞ்சம் பொறுங்கள். தம்பி, வடித்த பழைய ஒயில் தட்டில் இருக்கிறதா, கொட்டிவிட்டார்களா? இருந்தால் அதன் நிறத்தைக் கேளுங்கள். கூலன்ட் (ரேடியேட்டர் திரவம்) நிறையக் கலந்திருந்தால் ஒயில் முழுவதும் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். மூடியில் மட்டும் களி என்றால் அது வேறு கதை.

என்ஜின் ஆசான்:
பிளக் குழி ஒயிலுக்கும் ஹெட் காஸ்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. அந்த ஒயில் மேலிருந்து வருகிறது. ஹெட்டின் மேல் மூடியான டெபட் கவரில் பிளக் குழியைச் சுற்றி இருக்கும் ரப்பர் சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால் கசியும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் சிரிஞ்சால் அந்த ஒயிலை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவும் சிலிண்டருக்குள் இறங்கும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலின் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒயிலில் ஊறி உப்பியிருந்தால் இன்றில்லாவிட்டாலும் நாளை என்ஜின் மிஸ் அடிக்கும் (விட்டுவிட்டு ஓடும்). அடிப்படை தெரியாதவர்கள் அவசரக் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருப்பது நல்லது.

கடலோரம்:
2003, ஒட்டோ கியர். மீற்றரில் 1,84,000. தண்ணீர் குறைந்ததாகத் தெரியவில்லை, புகை இல்லை. பழைய ஒயில் கறுப்பாகத்தான் இருக்கிறதாம். வெள்ளவத்தை வீட்டிலிருந்து பம்பலப்பிட்டியில் மகளின் பள்ளிக்கூடம், பிறகு வீடு, அவ்வளவுதான் ஓட்டம். சூடாகிற பிரச்சினையும் இல்லை, ஹீட் முள் பாதிக்கே வராது, எப்போதும் கீழேதான் நிற்கும்.

பழைய சாவி:
காலி வீதி நெரிசலிலும் கீழேயா? பிரச்சினையே அதுதான். 121இல் என்ஜின் சூடானபின் முள் பாதியை ஒட்டி நிற்க வேண்டும். ஒன்றில் தர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) திறந்தபடி இறுகிவிட்டது, அல்லது முன்பு வைத்திருந்தவர் கழற்றி எறிந்துவிட்டார். பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஒயில் பக்கம் போகும். என்ஜின் வடிவாகச் சூடானால் அது ஆவியாகி, அந்த ஆவியை இழுத்தெடுக்கும் பீசிவி வால்வு வழியாக வெளியேறிவிடும். சூடாகாமல் கிட்டடிக்கே ஓடினால் மூடியில் படிந்து, ஒயிலோடு கலந்து களியாகும். அதோடு, என்ஜின் இன்னும் குளிர்தான் என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெற்றோல் விடும். எமிஷன் டெஸ்டில் (புகைப் பரிசோதனையில்) போன முறை ரீடிங் கூடியிருந்ததா என்று பாருங்கள்.

மட்டக்குளி மச்சான்:
கொழும்பு வெயிலுக்கு தர்மோஸ்டாட் எதற்கு? அது குளிர் நாட்டுச் சாமான். எங்கள் வாகனங்கள் எல்லாவற்றிலும் கழற்றிவிட்டோம், ஒரு நாளும் சூடானதில்லை. கூலன்டும் வீண் செலவு, பைப் தண்ணீரே போதும்.

என்ஜின் ஆசான்:
வெளியே வெயில் 32 பாகை. தர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவது 82 பாகை அளவில். இரண்டுக்கும் நடுவில் 50 பாகை இருக்கிறது, நாடு எதுவானால் என்ன? டொயோட்டாவின் பல என்ஜின்களில் தர்மோஸ்டாட்டின் பின்பக்கம்தான் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், மலை ஏறும்போது சூடு கூடும். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் நிறுத்திப் பொனட்டைத் திறந்துவைப்பவர்களைக் கேளுங்கள்.

மட்டக்குளி மச்சான்:
நான் கண்டிக்குப் போய் வந்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

தெஹிவளை அக்கா:
பைப் தண்ணீர் மட்டும் வேண்டாம் மச்சான். 121இன் பிளொக்கும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். கூலன்டில் இருக்கும் துருத் தடுப்பு மருந்து இந்த நாட்டுக்கும் வேண்டும். எங்கள் காரின் வோட்டர் பம்பைக் கழற்றியபோது, இறகுகளின் விளிம்பு விரலால் ஒடிக்கிற அளவுக்கு அரித்திருந்தது. கீழ்க் குழாயைக் கழற்றினால் செம்மண் நிறத்தில் சேறு. முன்பு வைத்திருந்தவர் வெறும் தண்ணீரில்தான் ஓட்டியிருக்கிறார்.

கடலோரம்:
அப்போ பாஸிடம் என்ன சொல்ல? நேரம் போகிறது.

பழைய சாவி:
சோதிக்காமல் ஹெட்டில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ளே அமுக்கும் அழுத்தம்) பார்க்கட்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் இறங்கியிருந்தால் காஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். பிறகு ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்து ஒரு டெஸ்ட். எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்தால் நீலம் மஞ்சளாகும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் தர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள், கிட்டத்தட்ட சின்ன வேலைதான். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் தொடங்கும்வரை பழைய காரை மாற்றுவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நல்லாக ஓடுகிற ஒரு என்ஜினை ஊகத்தில் பிரிக்க விடாதீர்கள்.

கடலோரம்:
எல்லோருக்கும் நன்றி. கம்ப்ரெஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு. நீலம் மாறவில்லை. ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே தர்மோஸ்டாட்டே இல்லை. புதிது போட்டு, டெபட் கவர் பெக்கிங் (ரப்பர் அடைப்பு) மாற்றி, கூலன்ட் ஊற்றியாயிற்று. முள் இப்போது பாதியில் நிற்கிறது. ஹெட் கழற்றவில்லை.

பழைய சாவி:
நல்லது. மூடியைத் துடைத்துவிட்டு, வாரத்தில் ஒரு தரமாவது என்ஜின் வடிவாகச் சூடாகும்படி கொஞ்சம் தூரமாக, கொட்டாவை வரைக்கும் போய் வாருங்கள், மிச்ச ஈரமும் போய்விடும். புதுக் கூலன்டில் காற்று நின்றிருந்தால் முதல் சில நாள் மட்டம் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். அது நிலைத்த பிறகு ரிசர்வ் டாங்கில் ஒரு கோடு போட்டு வையுங்கள். களி திரும்பி வந்து, மட்டமும் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அப்போது ஹெட்டைப் பற்றிக் கதைப்போம்.