மனைவியை வைத்து ஜோக் அடித்தது தப்பா? மூன்று நாளாக வீட்டில் பேச்சு இல்லை

கோட்டைவாசி (திரியைத் தொடங்கியவர்):
கல்யாணமாகி 14 வருடம். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அரை மணி நேரத்தைத் தாண்டியதில்லை. நான் ஏதாவது கோணங்கித்தனம் செய்வேன், அவள் சிரித்துவிடுவாள், அதோடு முடிந்தது. அந்தத் தைரியத்தில்தான் போன ஞாயிறு மாட்டிக்கொண்டேன்.

குடியாத்தத்தில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பிட்டு முடித்து இருபது பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியூர் சம்பந்தி ஒருவர், "உங்க வேலூர்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். நான் நம் ஊர்ப் பழைய பல்லவியை எடுத்துவிட்டேன். தெரியாதவர்களுக்காக: கோட்டை உண்டு, ராஜா இல்லை; கோயில் உண்டு, சாமி இல்லை; ஆறு உண்டு, தண்ணீர் இல்லை; மலை உண்டு, மரம் இல்லை; பெண் உண்டு, அழகு இல்லை. ஆளாளுக்கு வரிசை மாறும், சிலர் போலீசையும் சேர்த்துக்கொள்வார்கள். கடைசி வரி வந்தபோது கையை நீட்டி அவளைக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திரும்பும்போது பஸ் பள்ளிகொண்டா தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "பையனுக்கு பீஸ் கட்டணும்", இன்றுவரை இவ்வளவுதான்.

கிண்டல் இல்லாத குடும்பம் உப்பில்லாத கஞ்சி என்பது என் கட்சி. தப்பா?

காட்பாடி ஜங்ஷன்:
தப்பே இல்லை அண்ணே. கல்யாணத்திலேயே நலங்கு என்று எதற்கு வைத்தார்கள்? தேங்காய் உருட்டுவது, தலையில் அப்பளம் உடைப்பது, குடத்துத் தண்ணீரில் கையை விட்டு மோதிரம் தேடுவது எல்லாம் முன்பின் பழகாத இரண்டு பேருக்குக் கூச்சம் விட்டுப்போகத்தானே? விளையாட்டோடு ஆரம்பித்த உறவு விளையாட்டோடுதான் ஓடும். அண்ணி நாலு நாளில் சரியாகிவிடுவார். ஆற்காடு மக்கன் பேடா கால் கிலோ வாங்கிக்கொண்டு போங்கள்.

குடியாத்தம் மருமகள்:
நலங்கில் மாப்பிள்ளை தலையில் பெண்ணும் அப்பளம் உடைப்பாள் தம்பி. அதை விட்டுவிட்டீர்கள். அன்றைக்கு இருபது பேர் நடுவில் அந்த அக்கா கையில் அப்பளம் இருந்ததா? இவர் ஒருவரே உடைத்தார், அவர் தலையைக் காட்டினார். சிரிக்காமல் இருந்திருந்தால் "உன் பொண்டாட்டிக்கு ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியல" என்று அதற்கும் ஒரு சிரிப்பு கிளம்பியிருக்கும். அதனால் சிரித்தார்.

என் வீட்டுக் கதை ஒன்று. குழாயில் தண்ணீர் வரும் நாளில் விடியற்காலை எழுந்து டிரம், குடம், பக்கெட் எல்லாம் நிரப்பியாக வேண்டும். நான் எழுப்பினால் என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே, "பாலாத்துலயே தண்ணி இல்ல, நம்ம பைப்புல மட்டும் இன்னாத்துக்கு வரும்?" என்பார். முதல் வருடம் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒன்பதாவது வருடமும் அதே ஜோக், அதே போர்வை, குடம் தூக்குவது மட்டும் நான். வேலைக்குப் பதிலாகச் சிரிப்பைக் கொடுத்து ஏமாற்றுவதற்குப் பெயர் நகைச்சுவையா?

காட்பாடி ஜங்ஷன்:
அக்கா, அது சோம்பேறித்தனம். அதற்கு ஜோக் என்ன பாவம் செய்தது?

முள்ளுக்கத்தரி:
அந்தப் பல்லவிக்கு வருகிறேன். பாதி காலாவதியாகிவிட்டது, கோட்டைவாசி. கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981 மார்ச்சிலேயே சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் வந்துவிட்டார். இன்று அங்கே நாள் தவறாமல் பூஜை. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்க்கப் பாலத்தின் மேல் கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். சாமி வந்தாச்சு, தண்ணீரும் ஒரு தடவை தலை காட்டிவிட்டுப் போனது. மலையை விடுங்கள், அது இன்னும் மொட்டைதான். ஆனால் பெண்களைப் பற்றிய வரியை மட்டும் ஒருத்தரும் திருத்தக் காணோம். அந்த ஓட்டை வரியை எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவைக் காட்டித்தான் சொல்வார். நீங்கள் சொந்தமாக ஒரு ஜோக் கூட யோசிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கோட்டைவாசி:
இது கொஞ்சம் வலிக்கிறது. சரி.

கல்லூரி வாத்தியார்:
படித்ததைச் சொல்கிறேன், கடைசிப் பெஞ்சுக்காரர்கள் தூங்க வேண்டாம். கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர், காதலர்கள், தம்பதிகள் நடுவே நகைச்சுவை என்ன செய்கிறது என்பது பற்றிய 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தம் 15,000 பேருக்கு மேல். அதில் தெரிய வந்தது, கணவனோ மனைவியோ பெரிய ஜோக்காளியாக இருப்பது அவ்வளவு முக்கியமில்லை என்பதுதான். இருவரும் சேர்ந்து உண்டாக்கிக்கொள்ளும் சிரிப்புக்குத்தான் உறவின் திருப்தியோடு வலுவான தொடர்பு இருந்தது. ஜான் காட்மன் என்ற இன்னொருவர் வருடக்கணக்கில் தம்பதிகளின் சண்டைகளைப் படம்பிடித்துப் பார்த்தவர். சண்டை நடுவே வரும் ஒரு சின்ன வேடிக்கை அதை இறங்கச் செய்யும் என்கிறார். உறவை உடைப்பதில் முதலிடம் இளக்காரத்துக்கு என்று சொன்னதும் அவரேதான். கோட்டைவாசி வீட்டுக்குள் செய்வது முதல் ரகம், குடியாத்தத்தில் செய்தது இரண்டாவது ரகம்.

குடியாத்தம் மருமகள்:
சார், அந்தக் கேமரா முன்னால் உட்கார்ந்தது புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். நம் வீட்டு ஹாலில் மாமியார், நாத்தனார், எதிர் வீட்டு அத்தை எல்லாரும் இருப்பார்கள். தனியாக இருக்கும்போது அவர் என்னை "குண்டூஸ்" என்றால் எனக்கும் சிரிப்பு வரும். அதையே நாத்தனார் முன்னால் சொன்னால் மறுநாளிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் நான் குண்டூஸ். சொன்னவர் மறந்துவிடுவார், பெயர் என்னோடு தங்கிவிடும்.

தமிழ் ஐயா:
41 ஆண்டு இல்லறம் நடத்தியவன் சொல்கிறேன். நானும் அவளும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டதே இல்லை. குடும்பம் நன்றாகத்தான் நடந்தது. சிரிப்பு கட்டாயம் என்று இந்தக் காலத்தில் ஏன் இப்படி ஆகிவிட்டது? தொல்காப்பியர் நகை பிறக்கும் இடம் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலைத்தான் முதலில் வைத்தார், கவனியுங்கள். சிரிப்பு என்றாலே அங்கே இளக்காரம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" என்று வள்ளுவரும் 995ஆம் குறளில் சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி இகழ்ச்சிதான்.

முள்ளுக்கத்தரி:
ஐயா, அதே வள்ளுவர் 1317இல் என்ன செய்கிறார்? புருஷன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், அடுத்த நொடியே "எவ நினைச்சதால தும்முன?" என்று அழுகிறாள். கடைசிக்கு முந்தின அதிகாரம் வரை வந்தவர் வேடிக்கை பார்க்காமல் போகவில்லையே. உண்மையைச் சொல்லுங்கள், 41 வருடத்தில் அம்மா உங்களை ஒரு தடவை கூடக் கிண்டல் செய்யவில்லையா?

தமிழ் ஐயா:
பரீட்சைத் தாள் திருத்தும்போது பக்கத்தில் வந்து, "பாவம், யாருக்காவது ஒரு மார்க் கூடப் போடக் கூடாதா, நான் வேணும்னா ஒரு வாய் காபி கூடத் தர்றேன்" என்பாள். அதைக் கிண்டல் என்று நான் இதுவரை எண்ணவில்லை.

செய்யாறு கூத்தன்:
எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் விடிய விடிய ராஜாவைக் கலாய்ப்பான். துரியோதனனையே விட்டுவைக்க மாட்டான். ஒரு ராஜா கோபித்துக்கொண்டு பார்த்ததில்லை. வீட்டிலும் ஒரு கட்டியங்காரன் இருந்தால் நல்லதுதான்.

குடியாத்தம் மருமகள்:
கூத்தில் விடிந்தால் வேஷம் கலைந்துவிடும் அண்ணே. ராஜா வேஷம் கட்டியவரும் கட்டியங்காரனும் ஒரே டீக்கடையில் உட்காருவார்கள். அதுவுமில்லாமல் கட்டியங்காரன் தன் மேலிருப்பவனைத்தான் கலாய்க்கிறான், தன்னையும் சேர்த்துக் கலாய்த்துக்கொள்கிறான். ராஜாவே இறங்கி வந்து கலாய்த்தால் அதைக் கூத்து என்பீர்களா?

வாலாஜா நண்பன்:
நீங்கள் எல்லாரும் மற்றவரைப் பார்த்துச் சிரிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒளிந்துகொள்ளச் சிரிப்பது ஒன்று இருக்கிறது. ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன், வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லப் பயம். "கம்பெனி எனக்கு ரெண்டு மாசம் ராஜ வைத்தியம், வீட்டிலேயே ரெஸ்ட்" என்று சொன்னேன். அவள் சிரித்தாள். மளிகைக்காரர் கணக்கைப் பற்றிக் கேட்டால், "அவரும் நம்ம குடும்பம்தானே" என்பேன். அதற்கும் சிரித்தாள். நகையை அடகு வைத்த சீட்டு என் சட்டைப் பையில் அகப்பட்ட அன்றுதான் நின்றது.

அவள் அழவில்லை. "இவ்வளவு நாளா நான் எதுக்குச் சிரிச்சேன்?" என்று மட்டும் கேட்டாள். இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது, நகையையும் மீட்டாயிற்று. ஆனால் நான் ஒரு ஜோக் சொன்னால் முதலில் என் முகத்தை ஒரு கணம் பார்க்கிறாள், பிறகுதான் சிரிக்கிறாள். அந்த ஒரு கணம் இன்னும் போகவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
இதற்கு என்ன பதில் எழுதுவதென்றே தெரியவில்லை அண்ணே.

ஆஸ்பத்திரி அக்கா:
மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவில் துணைக்கு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். என் கணவருக்கு ஆபரேஷன் ஆன சமயம். பக்கத்துப் பெஞ்சில் வங்காளத்திலிருந்து வந்த வயதான தம்பதி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அந்த அம்மா தினமும் கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வருவார். பெரியவர் அதை மூக்கருகே வைத்து, மீன்தானா என்று முகர்ந்து பார்ப்பதுபோல் நடிப்பார், இல்லை என்று தெரிந்ததும் கையை விரிப்பார். பத்து நாளும் அதே நாடகம். பத்து நாளும் அந்த அம்மா புதிதாகப் பார்ப்பதுபோலச் சிரிப்பார். பயம் இருவருக்கும் இருந்தது, யாரும் மறைக்கவில்லை. என் கணவர் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்லயும் பத்து நாளா இட்லிதான், நான் எங்கனா மூந்து பாத்தேனா?" என்றார். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தார். மருமகள் சொல்கிற குடம் தூக்கும் கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பத்து நாளை நான் வேறு எதை வைத்துத் தாண்டியிருப்பேன்?

குடியாத்தம் மருமகள்:
அதை நான் மறுக்கவே இல்லை அக்கா. கோட்டைவாசி அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மன்னிப்பு கேட்டீர்களா? சமையலறையில் குசுகுசு என்று கேட்டதெல்லாம் செல்லாது. இருபது பேர் முன்னால் சொன்னதை அந்த இருபதில் நாலு பேர் காதிலாவது விழுகிற மாதிரி திருப்பி எடுக்க வேண்டும்.

கோட்டைவாசி:
குசுகுசு கூடக் கேட்கவில்லை. பேடாதான் வாங்கிப் போனேன். பையன் தின்றுவிட்டான்.

கோட்டைவாசி (ஐந்து நாள் கழித்து):
நேற்று மச்சான் குடும்பத்தோடு வந்தார். நான் வாய் திறக்கும் முன் அவரே, "கோட்டை உண்டு, ராஜா இல்லை..." என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நிறுத்து மச்சான், அது பழைய சரக்கு" என்றேன். சாமி வந்தது, தண்ணீர் வந்தது என்று முள்ளுக்கத்தரி எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். "அப்போ அந்தக் கடைசி வரி?" என்றார். "அது அன்னிக்கே பொய். எல்லார் எதிர்லயும் அவளக் காட்டிச் சொன்னேன் பாரு, அது என் தப்பு" என்றேன். சொல்லும்போது காது சூடாகிவிட்டது. மச்சானுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அப்போது சமையலறையிலிருந்து அவள் குரல்: "ராஜா இல்லன்ற வரிய மட்டும் எடுத்துடாதீங்க. அது நம்ம வீட்ல இன்னும் அப்படியேதான் கீது."

மச்சானுக்குக் காபி புரையேறிவிட்டது. அவர் மனைவி தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார்.

குடியாத்தம் மருமகள்:
அக்கா சிரித்தாரா?

கோட்டைவாசி:
முகம் தெரியவில்லை, திரும்பி நின்றிருந்தாள். இன்று காலை தண்ணீர் வந்தது. நான்தான் பிடித்தேன்.