மலைக்குப் புது பிக்கப்பா, பழசா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

பூம்பாறைக்காரன்:

மச்சான் கேட்கிறான், புது பிக்கப் எடுக்கவா, பழசே போதுமா என்று. நான்கு வருஷமாகப் பழைய வண்டி ஓட்டுகிறவன் நான். என்னிடம் பதில் இருக்க வேண்டும், இல்லை. காரணம் கீழே. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

என்னுடையது சீஸிங் வண்டி. முன்னால் வைத்திருந்தவர் டியூ கட்டாமல் விட்டதால் ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து, கீழே ஒரு யார்டில் நிறுத்தி ஏலம் விட்டார்கள். 2017 மாடல், நாலு லட்சத்து அறுபதாயிரம். கூட வந்த மெக்கானிக் இன்ஜின் தேறும் என்றார். நான் பின்னால் ஏறி டெக்கைப் பார்த்தேன். நன்றாகத்தான் கழுவியிருந்தார்கள். ஆனால் தகட்டு இடுக்கில் ஏதோ வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தேன். பூண்டுத் தோல். மோந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம்ம மலைப்பூண்டு. வடுகபட்டி சந்தைக்கு லோடு போன வண்டி, யாரோ நம் பக்கத்து ஆளுடையது. என்ன செய்ய, அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. எடுத்து வந்துவிட்டேன்.

ஆறு மாசம் கழித்து, பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தியிருந்தேன். ஐம்பது வயது இருக்கும், ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்கதவுக் கொக்கி ஒன்று சரியாக விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கீழிருந்து ஒரு தட்டு தட்டி, லேசாக இடது பக்கம் இழுத்துப் பூட்டினார். பார்க்கக்கூட இல்லை, கை பாட்டுக்குச் செய்தது. அந்தக் கொக்கி அப்படித்தான் பூட்டும். எனக்கு அது பழகவே ஒரு மாசம் ஆனது.

அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, மூணாவது கியரு ஏத்தத்துல மாட்டும். ரெண்டு தடவ கிளட்ச்ச மிதிச்சுப் போடு" என்றார். "அண்ணே, ஒரு டீ சாப்பிடுங்க" என்றேன். "இல்ல தம்பி, பஸ்சு வந்துரும்" என்று போய்விட்டார்.

என்ன விலைக்கு எடுத்தாய் என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.


கேத்தி பாலாடா:

நான் புதுசு எடுத்தவன், என் கதையையும் கேளுங்கள். 8 லட்சம் கடன், 48 மாசம், வட்டி 11 சதவீதம். மாசம் 20,700க்குக் கொஞ்சம் குறைவாக வரும். கேரட் விலை நின்றால் அது ஒரு தொகையே இல்லை. அந்த வருஷம் விலை நிற்கவில்லை. கேரட் கழுவுகிற வாஷிங் கூலி, சாக்கு, மண்டி கமிஷன், டீசல் போக மூட்டைக்கு மிஞ்சியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு டியூ விழுந்துவிட்டது.

ஜனவரி மாசம், புல் மேலெல்லாம் உறைபனி. ராத்திரி லோடு மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டு விடியும்போது வீட்டுக்கு வந்தேன். குளித்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் ஒரு பையன். கீழே இருந்து பைக்கில் வந்திருக்கிறான், அரைக்கைச் சட்டை, மேலே ஒரு மெல்லிய விண்ட்சீட்டர். என் வண்டி பானட் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறான். இன்ஜின் சூடு இன்னும் இருந்தது. குளிர் காய்கிறான். யார் தம்பி என்றேன். கையை எடுக்காமலேயே, "டியூ விஷயமா வந்தேனுங்கண்ணா" என்றான்.

வண்டியைத் தூக்கிப் போக வருகிற ஆளை வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். அம்மா உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தது, என் மப்ளரையும் எடுத்துக் கொடுத்துவிட்டது. போகும்போது, "மூணாவது டியூ விழுந்துட்டா என் கையில இல்லீங்கண்ணா, வேற ஆளு வருவாங்க" என்றான். அண்ணனிடம் கைமாற்று வாங்கிக் கட்டினேன். மப்ளர் போனது போனதுதான்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய வண்டி விற்கிறவர்கள் பலர் இன்னும் அதற்கு முந்தைய விலையை மனசில் வைத்துத்தான் பேசுகிறார்கள். மச்சானிடம் சொல்லுங்கள்.


கல்லட்டி 36:

பூம்பாறைக்காரர் பூண்டுத் தோலை மோந்து பார்த்து வண்டி வாங்கியிருக்கிறார். பிரேக் டிரம்மை மோந்து பார்த்தாரா? மூணாவது கியர் மாட்டுகிறதென்றால், கியர் சுலபமாக விழ உதவுகிற சின்க்ரோ ரிங் போய்விட்டது என்று அர்த்தம். பழைய ஓனர் வந்து சொல்லும்வரை இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை என்றால் அந்த மெக்கானிக் எதைப் பார்த்தார்?

என் கதை சின்னது. தெரிந்தவர் ஒரு பழைய பிக்கப் பேசி முடித்துவிட்டு, ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார். தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி இறக்கத்தில் விட்டேன். 36 வளைவில் பாதிகூட ஆகவில்லை, பிரேக் லைனர் கருகிய நாற்றம், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டாவது கியருக்கு இறக்கி, மண்மேட்டுப் பக்கம் ஒட்டி உரசினாற்போல நிறுத்தினேன். வண்டியை வாங்கப் போகிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனில் சீட் கவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். நின்ற பிறகுதான் திரும்பி, "என்னங்கண்ணா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்கிறார்.

சரி, பழசு எடுக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட் நீங்கள்தான் அடிக்க வேண்டும். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஊட்டிக் குளிரில் ராத்திரி முழுக்க நின்ற டீசல் வண்டி எப்படி எழுந்திருக்கிறது என்பதே பாதிச் சோதனை. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக்கூடாது. தள்ளினால் பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டு மூணாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட்டால் நல்லது, அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. பாரம் தாங்குகிற கமான் பட்டையை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் அது ஓவர்லோடு அடித்த வண்டி.

பேப்பருக்கு வாருங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா? இருந்தால் கடன் தீர்ந்தது என்று அவர்கள் தரும் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கையில் வராமல் முழுப்பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு வண்டியிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள், ஜெராக்ஸை ஜெராக்ஸோடு ஒப்பிடாதீர்கள். வண்டி எட்டு வருஷம் தாண்டிவிட்டால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வருஷா வருஷம், அதுவரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இன்ஷூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். கிளைம் கேட்காததற்குக் கிடைக்கிற நோ கிளைம் போனஸ் தள்ளுபடி பழைய ஓனரோடு போய்விடும், அதையும் சேர்த்து விலை சொன்னால் நம்பாதீர்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராதச் சலான் பாக்கி பாருங்கள்.

ஒன்றை மட்டும் யாரும் மறக்காதீர்கள். டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறக்கத்தில் உருட்டாதீர்கள். பிரேக்குக்குத் துணை நிற்கிற வேக்குவம் இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். அணைந்தபின் இரண்டு மூன்று மிதியோடு சரி, அப்புறம் பெடல் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று எங்கள் குரு சொல்வார். புதுசோ பழசோ, எல்லாம் ஒன்றுதான்.


தாண்டிக்குடி காப்பி:

கல்லட்டி அண்ணனுக்கு வணக்கம். யாரும் கேட்காமலேயே ஒரு பாடம் நடத்திவிட்டீர்கள். ஆனால் ஒன்று விட்டுப்போய்விட்டது, அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லவில்லை.

எங்கள் காப்பியும் மிளகும் பட்டிவீரன்பட்டிக்குப் போக வேண்டும். வாடகை கொடுத்து மாளவில்லை, அதனால் பழைய வண்டி ஒன்று பார்க்கப் போனோம். நான், என் தம்பி, டிரைவர். பணம் என்னுடையது, என் பெயரில்தான் எடுக்கப் போகிறோம். விற்கிறவர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. விலையைத் தம்பியிடம் சொல்கிறார், மைலேஜை டிரைவரிடம் சொல்கிறார். நான் ஏதாவது கேட்டால், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா, தம்பி பார்த்துக்கும்" என்கிறார். தம்பிக்கோ கலர் பிடித்துவிட்டது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு சாக்கை விரித்து, டார்ச்சோடு அடியில் போய்விட்டேன். கேபினுக்குப் பின்னால், டெக் ஆரம்பிக்கிற இடத்தில், இரண்டு பக்கச் சேஸிலும் கறுப்புப் பெயின்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் செம்மண்ணும் துருவும். விரலை வைத்தேன், ஒட்டியது. முந்தின நாள் அடித்த பெயின்ட். அதற்குக் கீழே வெல்டிங் தடிப்பு, சாமியார் கையில் நரம்பு புடைத்தமாதிரி நீளமாக. விரிசல் விட்ட சேஸ்.

வெளியே வந்து விரலை அவரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, அப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். தம்பிக்கு இன்றைக்கும் என்மேல் கோபம், "வண்டிய வேண்டாம்னு சொல்லு, அந்தாள அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்தியிருக்க வேண்டாம்" என்கிறான். அவன் சொல்வது சரியோ என்று சில நாள் தோன்றும். பிறகு வேறு ஒரு பழைய வண்டிதான் வாங்கினோம். அந்தச் சேலையில் கறை இன்னும் போகவில்லை.


கூடலூர் பச்சை இலை:

கேரளப் பதிவு வண்டி, எண்பதாயிரம் ரூபாய் குறைவு என்று ஆசைப்பட்டேன். அட்வான்ஸ் கொடுத்தேன். அங்கே என்.ஓ.சி.க்குப் படிவம் 28 கொடுத்து வாங்கி, இங்கே வரி கட்டி, ஊட்டி ஆர்.டி.ஓ.வில் டி.என். 43 என்று தொடங்கும் நம்பர் வாங்க வேண்டும். கையெழுத்து வாங்கப் போன அன்றைக்கு வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தது. ஆள் முந்தின வாரம் நெஞ்சு வலியில் போய்விட்டார். நான் ஃபைலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் மனைவி பார்த்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அப்படியெல்லாம் போட முடியாது, முதலில் படிவம் 31ல் அவர்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதைப் பந்தலில் நின்று எப்படிச் சொல்வது? அட்வான்ஸை விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போதும் வாடகை வண்டிதான்.


கல்லட்டி 36:

தாண்டிக்குடித் தங்கச்சி சொன்னது சரி, சேஸ் விட்டுப்போய்விட்டது. ஆனால் சேஸ் வெல்டிங் என்றாலே தள்ளுபடி என்று இல்லை. உள்பக்கம் பிளேட் வைத்து ஒழுங்காக அடித்திருந்தால் சமவெளியில் ஓடும். மலைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

கூடலூர்த் தம்பி அட்வான்ஸைக் கேட்டு வாங்கியிருக்கலாம். ஒரு வருஷம் கழித்துக்கூடக் கேட்கலாம்.


கூடலூர் பச்சை இலை:

கேட்க மாட்டேன் அண்ணா.


கேத்தி பாலாடா:

பழசுக்கு லோன் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "12 பர்சென்ட்தாங்க" என்பார்கள். ஃபிளாட்டா, அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் வட்டியா என்று கேளுங்கள். நாலு லட்சம், 36 மாசம், 12 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி மட்டும் 1,44,000. மாசம் 15,111. அசல் குறையக் குறைய வட்டி குறைகிற கணக்கில் பார்த்தால் அது 21 சதவீதத்துக்குச் சமம். நான் புதுசுக்குக் கட்டியது 11. பழசு மலிவு என்று சொல்கிறவர்கள் இதையும் கூட்டிவிட்டுச் சொல்லட்டும்.

அதற்காகப் புதுசில் தலைவலி இல்லை என்று சொல்லவில்லை. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த, பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது. நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும். தோட்டத்துக்கும் வாஷிங் இடத்துக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். எனக்கு மேட்டுப்பாளையம் லோடு இருப்பதால் தப்பித்தேன்.


பூம்பாறைக்காரன்:

எல்லாவற்றையும் படித்தேன். கல்லட்டி அண்ணே, பிரேக் டிரம் கழற்றிப் பார்த்துத்தான் எடுத்தேன், லைனரும் மாற்றினேன். டம்டம் பாறை இறக்கத்தில் மூட்டையோடு இறங்குகிறவனுக்கு அதுகூடத் தெரியாதா? சின்க்ரோ ரிங் விஷயம் நீங்கள் சொன்னது சரிதான். ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன், கியர்பாக்ஸ் இறக்க வேண்டும், இரண்டு நாள் வண்டி நிற்கும் என்றார்கள். பூண்டு சீசன் முடியட்டும் என்று விட்டிருக்கிறேன். அதுவரைக்கும் இரண்டு தடவை கிளட்ச் மிதித்துத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவரைத் தேடிப் பார்த்தீர்களா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். தேடவில்லை. ஆர்.சி.யில் பழைய பெயரும் ஊரும் இருந்தது, மன்னவனூர்ப் பக்கம்தான். அங்கே லோடு ஏற்றப் போகும்போது ஊருக்குள் நிறுத்தாமல் வந்துவிடுகிறேன்.

மச்சானிடம் இதையெல்லாம் காட்டலாம் என்று நேற்று ராத்திரி போன் செய்தேன். மத்தியானமே திண்டுக்கல் போய்ப் புது வண்டிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டானாம். வெள்ளைக் கலர். ஜாமீன் கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறான்.