மின் கையொப்பத்தின் ஆடிட் டிரெயில்: 63(4) சான்றிதழுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். தம்பி திருப்பூரில் பனியன் பிரின்டிங் யூனிட் வைத்திருக்கிறான். ஆன்லைனில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வாடிக்கையாளர், இப்போது "நான் போடவே இல்லை" என்கிறார். மூன்று மாத வேலைக்கான பணம் நிற்கிறது, அவனுக்குத் தூக்கமே இல்லை.

ஆடிட் டிரெயில், அதாவது கையெழுத்து எப்போது, எப்படிப் போடப்பட்டது என்று காட்டும் பதிவு, கையில் இருக்கிறது. மெயில் திறந்தது 11.42, ஓடிபி சரிபார்த்தது 11.44, ஐபி முகவரி, கடைசியில் ஹாஷ் எண் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்). அசல் பிடிஎஃப்பைத் தொடவே இல்லை.

கோர்ட்டில் வெறும் பிரின்ட் போதாது. பாரதிய சாக்ஷிய அதினியம் 2023 (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63(4)-ன்படி ஹாஷ் எண்ணோடு சான்றிதழும் வேண்டும். சரி, இந்தப் பதிவின் மூல லாக் இருப்பதோ கையொப்பச் சேவை நிறுவனத்தின் சர்வரில். அப்படியானால் சான்றிதழில் தரப்பினர் நிரப்ப வேண்டிய பகுதி 'ஏ'-வை நாங்கள் நிரப்பலாமா, அவர்களிடம்தான் வாங்க வேண்டுமா? அப்புறம், பகுதி 'பி'-யில் கையெழுத்திட நிபுணராக யாரைப் பிடித்தீர்கள்?

இப்படித் தாக்கல் செய்த வக்கீல்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.