புதுப்பிப்பு: கே.கே.நகர் தோழியின் விஷயம்

முந்தைய பதிவைப் படிக்காதவர்களுக்கு: மதுரையில் வசதியான நான்கு குடும்பங்கள், கொடைக்கானல் பயணம் முதல் பிள்ளைகளின் காதுகுத்து வரை எல்லாம் சேர்ந்தேதான். அதில் என் தோழியின் கணவருக்கும் இன்னொரு நண்பரின் மனைவிக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. போலீசில் புகார் கொடுக்கச் சொல்லிப் பலர் எழுதியிருந்தீர்கள்.

அந்த வழி இல்லை. திருமணம் மீறிய தொடர்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அது இருந்த காலத்திலும் மனைவிக்குப் புகார் கொடுக்கும் உரிமை கிடையாது, எவ்வளவு அநியாயம் பாருங்கள். ஆனால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து கேட்க இப்படிப்பட்ட தொடர்பு இன்றும் போதுமான காரணம். பரஸ்பர சம்மதம் என்றால் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிந்தைய ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது.

நேற்று அவள் கட்டில் மேல் நகைகளைப் பரப்பி, யார் போட்டது எது என்று பழைய டைரியில் எழுதிக்கொண்டிருந்தாள். மாமியார் போட்ட காசுமாலையைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்தாள், திருப்பிக் கொடுத்துவிடுவாளாம். அன்பளிப்பாக வந்த அதுவும் சீதனம்தான், உனக்கே சொந்தம், கொடுக்காதே என்று அழுத்திச் சொன்னேன்.

எனக்கு ஆறவே ஆறாதது மற்ற நண்பர்களின் பேச்சு. கணவர்மார் தொழிலில் கூட்டாளிகளாம், அதனால் இவள் பொறுத்துப்போக வேண்டுமாம்! அந்த இன்னொரு கணவரும் வாயே திறக்கவில்லை.

சரி, அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கிறோம். அவள் அண்ணனும் வருகிறார்.