முதல் தோல் கவசம்: தோல்தான் வேண்டுமா, ஃபோம் போதாதா?

வேலன்_வேடம்
வணக்கம். சங்க காலச் சோழ வீரன் வேடம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மார்புக் கவசம், இரண்டு முன்கைக் காப்பு, தோள் காப்பு. பெரியமேட்டில் ஒரு கடையில் ஆறு சதுர அடி மாட்டுத் தோல் வாங்கினேன். "கெட்டித் தோல், பெல்ட்டுக்குப் போகும்" என்றார்கள். முன்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, பிளாஸ்டிக் பைப் மேல் சுற்றிக் கட்டிக் காயவைத்தேன். இரண்டு நாள் கழித்து அவிழ்த்தால் துணி மாதிரி துவண்டு கிடக்கிறது. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் நடுவில் நீலச் சாம்பல் நிறம். எங்கே தப்பு?

ஆம்பூர்_குத்தூசி
தம்பி, நீங்கள் செய்த முறையில் பெரிய தப்பு இல்லை. தோல்தான் வேறு. ஓரத்தில் நீலம் தெரிகிறது என்றால் அது குரோம் தோல். ஷூ மேல்பாகம், பை, ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. குரோம் உப்பு தோலின் நார்களை இறுக்கிப் பிணைத்துவிடும், அப்புறம் கொதிநீர் அதை ஒன்றும் செய்யாது. தோல் பதனிடும் ஷாப்பில் பதம் சரியா என்று பார்ப்பதே இப்படித்தான்: ஒரு துண்டைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுவார்கள். சுருங்காமல் வந்தால் சரக்கு சரி.

கவசத்துக்கு வேண்டியது பட்டைத் தோல். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், இப்போது வாட்டில் என்கிற மரத்தின் பட்டைச் சாறு. இது 70, 80 டிகிரியிலேயே சுருங்க ஆரம்பிக்கும். சுருங்கும்போது தடிக்கும், ஆறினால் கட்டை போல இறுகும். ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டில் கைக்கும் காலுக்கும் காப்பு செய்ய இப்படிக் கடினமாக்கிய தோலைப் பயன்படுத்தினார்கள். கடையில் "செருப்பு அடித்தோல்" என்று கேளுங்கள். எருமை, 4 மில்லிமீட்டர். அது எடைக்குத்தான் வரும், சதுர அடிக்கு வராது.

நிலா_நுரை
வேலன், இன்னொரு தோல் வாங்கும் முன் நான் சொல்வதையும் கேளுங்கள். ஈவிஏ ஃபோம் பாய், அதாவது மெத்தென்ற பிளாஸ்டிக் நுரைப் பாய், 10 மில்லிமீட்டர் கனத்தில் எங்கும் கிடைக்கிறது. கத்தியால் வெட்டி, ஹீட் கன்னால் சூடேற்றி வளைத்து, ரப்பர் சொல்யூஷனால் ஒட்டி, மேலே அக்ரிலிக் பெயின்ட். ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள், தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள், அவ்வளவுதான். முன்னும் பின்னும் சேர்த்து அரை கிலோ வரும். அதே அளவு எருமை அடித்தோல் இரண்டு கிலோவைத் தொடும். மே மாதச் சென்னையில் அதைக் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் நிற்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

"தோல் இல்லையென்றால் போலி" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அதற்கும் இப்போதே பதில். தெருக்கூத்தில் துரியோதனன் விடிய விடிய ஆடுகிறார். அவர் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரம். எடையே இல்லாத மரம், அதில் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும். அதைப் போலி என்று எந்த ஊரிலும் யாரும் சொன்னதில்லை. வேடம் கட்டுகிறவன் உடம்பை நினைத்துச் செய்த பொருள் அது. ஃபோம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆம்பூர்_குத்தூசி
கூத்தை இழுத்தது நல்லது, எனக்கும் அதுதான் சாட்சி. அந்தக் கட்டையைச் செதுக்குகிறவர் அதை மரம் என்று தெரிந்து மரமாகவே செதுக்குகிறார், இரும்பு மாதிரி காட்ட முயல்வதில்லை. ஃபோமில் நீங்கள் தோலின் மடிப்பைக் கீறுகிறீர்கள், தையலை வரைகிறீர்கள், விளிம்புத் தேய்மானத்தைப் பெயின்ட்டில் போடுகிறீர்கள். தோலில் இது எதுவும் வரைய வேண்டாம். முன்கைக் காப்பை ஆறு மாதம் போட்டால் மணிக்கட்டு உரசும் இடம் கறுத்துப் பளபளக்கும், முழங்கைப் பக்கம் உங்கள் கை மடங்குகிற வாக்கில் மடியும். இருபத்திரண்டு வருடமாகத் தோலில் வேலை செய்கிறேன், அந்தக் கறுப்பைப் பெயின்ட்டில் கொண்டுவந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வேலன் கேட்பதும் சோழ வீரன். புறநானூறு 13-ஆம் பாட்டில் சோழன் கோப்பெருநற்கிள்ளி போட்டிருப்பது "புலிநிறக் கவசம்". அம்பு பட்டு அது கிழிந்திருக்கிறது. புலித்தோல் கவசம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். தோல் கவசம் வெளிநாட்டுச் சரக்கு இல்லை.

நிலா_நுரை
சரி அண்ணா, புலித்தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலித்தோலைத் தொடவே முடியாது, தொடவும் கூடாது. அப்படியென்றால் வேலன் என்ன செய்வார்? எருமைத் தோலில் மஞ்சள் அடித்து வரி போடுவார். ஒரு பொருளை இன்னொரு பொருள் மாதிரி காட்டுவது அங்கேயும் நடக்கிறது. எருமையில் வரி போட்டால் கைத்தொழில், ஃபோமில் போட்டால் போலியா? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழை. என்னுடைய முதல் வேடம் தோல்தான். அலமாரியில் வைத்து மூன்று வாரம் கழித்துத் திறந்தேன். தோள்பட்டை முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை. துடைத்தாலும் கறை போகவில்லை. நான்கு மாத வேலை.

ஆம்பூர்_குத்தூசி
புலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். பூஞ்சை மட்டும் பராமரிப்பில் வருவது. பட்டைத் தோல் ஈரத்தை உறிஞ்சும், மூடிய அலமாரியில் வைத்தால் பூக்கத்தான் செய்யும். காற்றாடத் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் மழைக்காலம் தாண்டிவிடும். பிளாஸ்டிக் பையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.

மெழுகுவர்த்தி
தேன்மெழுகை உருக்கித் தோலுக்குள் இறக்கினால் ஈரமும் ஏறாது, கெட்டியாகவும் ஆகுமே?

ஆம்பூர்_குத்தூசி
ஆகும். ஆனால் தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மதியம் முழுக்க வைத்தால் கவசம் இளகிப் படுத்துவிடும், எடையும் ஏறும். செய்வதானால் மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

பாலாற்றங்கரை
இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். பாலாற்றுப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்துகிறவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்று எழுதிய தீர்ப்பு. குத்தூசி அண்ணா பட்டைத் தோல் என்றதும் அதில் தீங்கே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குரோம் இல்லை என்பது உண்மை. ஆனால் பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு எந்தப் பதனீட்டிலும் முதலில் தண்ணீரில்தான் கழுவப்படுகிறது. எங்கள் நிலத்தைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு.

அதற்காக நிலா பக்கமும் நான் போகவில்லை. ஃபோமைத் தேய்க்கும்போது பறக்கிற தூள் பிளாஸ்டிக். அது மக்காது.

நான் செய்வது துண்டுத் தோல். செருப்புப் பட்டறைகளில் அடித்தோல் வெட்டியது போக மூலைமூலையாக மிஞ்சும், எடைக்குத் தருவார்கள். அதில் 5க்கு 7 சென்டிமீட்டர் தகடுகள் வெட்டி, வரிசை வரிசையாகக் கோத்துக் கவசம் கட்டுகிறேன். ஜப்பானில் இரும்போடு தோல் தகடும் அரக்குப் பூசி இப்படித்தான் கோத்தார்கள். ஒரு தகட்டின் கால் பங்கு பக்கத்துத் தகட்டின் மேல் ஏறி உட்கார வேண்டும். கயிற்றை இழுத்துக் கட்டினால் கவசம் பலகை மாதிரி நின்றுவிடும், தளர விட்டால் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி இருக்கிறது, அது கைக்குப் பிடிபட எனக்கு மூன்று வரிசை ஆனது. நடக்கும்போது தகடுகள் ஒன்றோடொன்று உரசி, காய்ந்த பனையோலை அசைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் இதை விடமாட்டேன்.

நிலா_நுரை
எத்தனை தகடு?

பாலாற்றங்கரை
மார்புக்கும் முதுகுக்கும் 260. தகட்டுக்கு ஆறு துளை.

நிலா_நுரை
1,560 துளை. முதல் முறை செய்கிறவருக்கு இதைச் சொல்லலாமா? பாதியில் விட்டுவிட்டுத் திரும்பவே மாட்டார். நான் மறுபடியும் சொல்கிறேன், முதல் வேடம் முடிந்து உடம்பில் ஏற வேண்டும். அது நடந்த பிறகு எதில் வேண்டுமானாலும் செய்யட்டும்.

ஆம்பூர்_குத்தூசி
முடியாவிட்டால் என்னம்மா? பாதியில் நின்ற வேலையும் கையில் இருக்கும். துண்டுத் தோல் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும், அந்தத் தகடுகளை வெந்நீரில் போடாதீர்கள். வயிற்றுப் பக்கத் துண்டு ஒரு மாதிரி சுருங்கும், முதுகுப் பக்கத் துண்டு ஒரு மாதிரி சுருங்கும், துளைகள் நேர் நிற்காது. 4 மில்லிமீட்டர் அடித்தோல் வெட்டியபடியே போதிய கெட்டி. முன்கைக் காப்பு மட்டும் வெந்நீரில்.

வேலன்_வேடம்
எல்லோருக்கும் நன்றி. நிலா அக்கா, மார்புக் கவசத்தை ஃபோமில் செய்யச் சொன்னதை யோசித்தேன். நிகழ்ச்சி தேதி எனக்கு ஒன்றும் இல்லை, அதனால் துண்டுத் தகட்டில்தான் கட்டப் போகிறேன், எத்தனை மாதம் ஆனாலும் சரி. நேற்று எடைக்கு இரண்டு கிலோ அடித்தோல் துண்டு வாங்கினேன். ஓரம் முழுக்கப் பழுப்பு, நீலம் இல்லை.

10 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று பட்டை வெட்டி ஊறவைத்து, சமையலறைத் தெர்மாமீட்டரில் 80 டிகிரி பார்த்து முக்கினேன். 20 விநாடிப் பட்டை 9 ஆனது, வளைகிறது. 40 விநாடிப் பட்டை 8 ஆனது. காய்ந்த பிறகு மேசையில் தட்டினால் மரம் மாதிரி சத்தம், நகத்தால் அழுத்தினாலும் பதியவில்லை. 90 விநாடிப் பட்டை ஆறரைக்கு வந்து முறுக்கிக்கொண்டது, வளைத்ததும் உடைந்தது.

ஆம்பூர்_குத்தூசி
40 விநாடிதான் உங்கள் தோலுக்குக் கணக்கு. 10 என்பது 8 ஆகிறது என்றால், முடிந்த காப்பு 24 சென்டிமீட்டர் வேண்டும் என்றால் 30-ஆக வெட்டுங்கள். அகலத்துக்கும் தனியாக ஒரு பட்டை வெட்டிப் பாருங்கள், இரண்டு வாக்கும் ஒரே மாதிரி சுருங்காது. தண்ணீரிலிருந்து எடுத்ததும் பைப்பில் சுற்ற ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. கையுறையும் கட்டும் துணியும் முன்பே பக்கத்தில் இருக்கட்டும்.